ஏழாம் கிணற்றின் அளவு

அந்த வரியை எழுதச் சொல்லி அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பின்னாளில் அவளை அரித்தது அதுதான்.

கதிரியக்கக் கழிவு டிரம்களை அடுக்கி வைக்கும் நிலவறைகளுக்குப் பாதுகாப்பு ஆய்வறிக்கை எழுதுவது அவள் வேலை. அறைகளின் தளம் நாலு மீட்டர் ஆழத்தில் இருந்தது. நிலத்தடி நீர் எந்த மழைக்கும் அதற்கு இரண்டு மீட்டர் கீழேயே நிற்க வேண்டும். சுற்றிலும் பன்னிரண்டு கண்காணிப்புக் கிணறுகள். கிணறு என்றால் பேச்சுக்குத்தான். கை நுழையும் அளவுள்ள குழாய்கள். தண்ணீர் பட்டதும் கத்தும் அளவு டேப்பை உள்ளே இறக்கி அளவெடுப்பவரை எல்லோரும் குழாய்க்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் பதினோரு கிணறுகள் ஆறு மீட்டருக்குக் கீழேயே தண்ணீர் காட்டின. ஏழாம் கிணற்றில் மட்டும் நாலரை மீட்டரிலேயே தண்ணீர் என்று அவர் குறித்திருந்தார். அதை ஏற்றுக்கொண்டால் கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டும், மூன்று மாதமாவது ஆகும். அறிக்கை கேட்டிருந்ததோ வெள்ளிக்கிழமைக்கு. "வாசிப்புப் பிழை எனக் கருதி விலக்கப்பட்டது" என்று ஒரு வரி தட்டினாள். அன்று மதியம் நன்றாகவே சாப்பிட்டாள்.

நிலவறைகளுக்கு லைசன்ஸ் கிடைத்தது. பிழை செய்தவர் என்று குழாய்க்காரரை வாசல் காவலுக்கு மாற்றினார்கள்.

நாலு வருஷம் கழித்து மூன்றாம் அறையில் தளம் ஈரமாக இருந்தது. ஏழாம் கிணற்றை ஒட்டிய அறை அது. இரண்டு டிரம்களின் அடிப்பாகம் துருப்பிடித்திருந்தது. நல்லவேளை, தேங்கிய தண்ணீரைச் சோதித்ததில் கதிரியக்கம் இல்லை. விசாரணைக் கூட்டத்தில் பிரிவுத் தலைவர் கையை விரித்தார்.

"டேப்பைக்கூட ஒழுங்கா படிக்கத் தெரியாத ஆள வச்சு அளந்தாங்க. அந்த அளவ எவன் நம்புவான்? நாம என்ன பண்றது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். அவளும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்தும் அந்தத் தலையாட்டல் அவளை விடவில்லை. ஞாயிறு காலை குழாய்க்காரர் வீட்டு முகவரியை விசாரித்துக்கொண்டு போனாள். அவர் மனைவி கதவைத் திறந்தாள். அவர் பனியனோடு உட்கார்ந்து மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்தவளைப் பார்த்ததும் சட்டையைத் தேடினார்.

"அண்ணே, ஏழாம் கிணறு விஷயமா வந்தேன்."

"அது நான் தப்பாப் படிச்சதுதானே மேடம்? அறிக்கையிலயே போட்டிருக்காமே."

"போட்டது நான்தான். நீங்க எழுதினது சரி. வேலை அதிகமாயிடும்னு தூக்கிப் போட்டுட்டேன்."

அவர் துணியைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு மூணு தடவ இறக்கிப் பாத்தேன். மூணும் ஒரே அளவு. அப்புறம் இப்படிச் சொன்னாங்களேன்னு கண் டாக்டர்கிட்டப் போனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாரு. அப்போ கோளாறு மண்டைக்குள்ளன்னு முடிவு பண்ணிட்டேன்."

"வண்டி ஓட்டுறதையே விட்டுட்டாரு," என்றாள் மனைவி. "பொண்ண ஸ்கூல்ல விடக்கூட பயம். நாலு வருஷமா இந்த மனுஷன் தன்னையே நம்பல. நீங்க ஒரு வரி எழுதிட்டு நிம்மதியாத் தூங்கிட்டீங்க."

"மன்னிச்சிடுங்கண்ணே."

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது மேடம்? எங்க எழுதினீங்களோ அங்கயே எழுதுங்க."

மறுநாள் நடந்ததை எழுதிய கடிதத்தோடு போனபோது பிரிவுத் தலைவர் கதவைச் சாத்தினார். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா. சும்மா கிடக்குற சங்க எதுக்கு ஊதிக் கெடுக்குற?"

"நான் ஊத வேண்டியத அப்பவே ஊதல சார்," என்றாள். கடிதத்தைப் பாதுகாப்புக் குழுவுக்கு நேரடியாக அனுப்பினாள்.

மூன்றாம் அறையைக் காலி செய்தார்கள். ஆய்வை ஏழாம் கிணற்றையும் சேர்த்து முதலிலிருந்து நடத்தினார்கள். எட்டு மாதம் பிடித்தது. கணக்கெல்லாம் அவள்தான் போட்டாள், ஆனால் அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமையைப் பறித்துவிட்டார்கள். பழைய வேலைக்கே திரும்பச் சொல்லி வந்த உத்தரவைக் குழாய்க்காரர் மறுத்துவிட்டார். தினமும் வாசலில் அவள் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அவளும் எதிர்பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

புது அறிக்கை வந்த அன்று ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். முந்தைய அறிக்கை அந்த அளவைத் தவறாக விலக்கியது, அளவெடுத்தவர் குறித்தது சரி என்று அதில் அவர் பெயரோடு இருந்தது.

அவர் படிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"வீட்டுல அவ படிக்கட்டும்," என்றார்.

பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்தது. அவர் தடுப்பைத் தூக்கப் போனார்.