எந்த ரசம்

பல் டாக்டரிடம் கிளம்பிய மருமகளுக்குக் காசியம்மாள் சொல்லி அனுப்பிய புத்தி ஒன்றே ஒன்றுதான்.

"அங்க போயி வாயத் தொறக்காத. இன்னா கேட்டாலும் எம்மவன் சொல்லிக்குவான். பொம்பள, நீ கம்முனு இரு."

செண்பகம் தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் எச்சில் வழிந்தது. ஆகையால் ஒரு மாதமாகவே அவள் அதிகம் பேசுவதில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டே சமைத்தாள், தண்ணீர் இறைத்தாள். ஈறு வெந்து வீங்கிக் கிடந்தது. முன்பற்கள் நாலும் நாக்கு பட்டாலே ஆடின. அவளுக்கு வயது இருபத்திரண்டு.

"வரும்போதே சீக்கோட வந்தவ" என்று காசியம்மாள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். மகன் விருத்தாசலத்துக்குத் திருவெண்ணெய்நல்லூரில் இரண்டாவதாக ஒரு பெண்ணும் பார்த்து வைத்திருந்தாள். பல் போன பெண்டாட்டியோடு ஓர் ஆண்பிள்ளை எத்தனை நாள் காலம் தள்ளுவான் என்று பெண் வீட்டாருக்கே இரக்கமாம். பல் போவதுதான் பாக்கி.

செண்பகத்தின் அண்ணன் மயிலத்திலிருந்து வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனதால்தான் இந்தப் பயணம். டாக்டரே பிடுங்கிவிட்டார் என்று ஆகிவிட்டால், அப்புறம் அண்ணனும் வாயைத் திறக்க முடியாதல்லவா?

விழுப்புரத்தில் டாக்டர் இல்லாமல் இல்லை. ஆனால் விழுப்புரத்தில் எல்லோருக்கும் மல்லாட்டைக் கடலை மண்டி விருத்தாசலத்தைத் தெரியும். திண்டிவனத்தில் யாருக்கும் தெரியாது. ரயில் ஏறினார்கள். வழி நெடுக அவன் ஏலக்காய் மென்றான். ஜன்னலுக்கு வெளியே துப்பிக்கொண்டே வந்தான். ஒரு மாதமாக அவனுக்கு ஏலக்காய்மீது தனிப் பிரியம்.

டாக்டர் தேவசகாயம் மதராஸில் படித்துவிட்டு வந்தவர். செண்பகத்தை நாற்காலியில் உட்காரவைத்து, தெர்மாமீட்டரைக் கையிடுக்கில் கொடுத்து, பிறகு அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே வெள்ளிக் கம்பி போல ஒன்று மின்னியது. செண்பகம் அதையே பார்த்தாள்.

டாக்டர் நோட்டை எடுத்தார். "அம்மா, உங்களுக்கு வேற சீக்கு ஏதாவது உண்டா?"

"ஒண்ணுங் கெடையாது சார்," என்றான் விருத்தாசலம்.

"மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா? நாட்டு மருந்தானாலும் சொல்லணும். அது தெரியாம நான் பல்லுல கை வைக்கக் கூடாது."

"எங்க வூட்ல மருந்துன்ற பேச்சே கெடையாது சார்."

"குழந்தைங்க?"

"ரெண்டு கலைஞ்சிபோச்சி. அது அவ ஒடம்பு வாகு."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "வலி உங்களுக்கா, அவங்களுக்கா?"

"அவளுக்குத்தான் சார்."

"அப்ப அவங்க சொல்லட்டுமே."

"அவளுக்கு இன்னா சார் தெரியும்? பொம்பள."

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. வெகுநேரம் பார்த்தார். "இந்த வயசுல இப்படி ஆகக் காரணமே இல்ல. காரணம் இல்லன்னா எல்லாத்தையும் எடுக்க வேண்டியதுதான். இன்னிக்கு முன்பல்லு நாலு."

"எடுத்துடுங்க சார். ஜல்தியா முடிச்சிடுங்க. ரயிலுக்குப் போவணும்."

டாக்டர் பல் பிடுங்கும் கொறடைக் கொதிநீரிலிருந்து எடுத்தார். நாற்காலியின் கைப்பிடியைச் செண்பகம் இறுகப் பிடித்தாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"ரசம்," என்றாள்.

இருவரும் திரும்பினார்கள். விருத்தாசலம் உரக்கச் சிரித்தான்.

"ரசஞ்சோறு சார்! பல்லு ஆடுதில்ல, அதத்தான் துண்ணுக்கினு கீறா. எங்க ஆத்தா மொளவு கொஞ்சம் ஜாஸ்தியா போடும்."

டாக்டர் 'மிளகு ரசம், குறைக்கவும்' என்று எழுதிக்கொண்டார். காசியம்மாளின் சமையலுக்கு இங்கிலீஷ் வைத்திய நோட்டில் ஓர் இடம் கிடைத்தது.

"அந்த ரசம் இல்லீங்க." செண்பகம் மேஜைமேல் இருந்த தெர்மாமீட்டரைக் காட்டினாள். "அந்தக் கண்ணாடிக்குள்ள மின்னுதே, அந்த ரசம்."

"பாதரசமா?"

"ஆறு வாரமா வெல்லத்துல வெச்சிக் குடுக்குறாங்க. ஒரு நா உருண்டை ஒடஞ்சி தரையில முத்து முத்தா ஓடிச்சி. கையால புடிக்க முடியல. எச்சில் ஊத்துனா சீக்கு எறங்குதுன்னு அர்த்தமாம். வைத்தியரு சொன்னாரு."

எச்சில் மோவாயில் வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஏய், மூடு வாய!" என்றான் விருத்தாசலம்.

"இங்க அது முடியாது," என்ற டாக்டர் கொறடைக் கீழே வைத்தார். "அம்மா, இன்னியோட அந்த உருண்டைய நிறுத்துங்க. ஈறு ஆறும். பல்லு பெரும்பாலும் நின்னுடும். எந்தச் சீக்குக்குக் குடுத்தாங்க?"

செண்பகம் சற்று யோசித்தாள். அந்த வியாதிக்கு ஊரில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

"பொம்பள சீக்குன்னு பேரு வெச்சிருக்காங்க. எனக்கு அதக் குடுத்தது ஆம்பள."

ஏலக்காய் வாசனையையும் மீறி விருத்தாசலத்தின் வாயிலிருந்தும் அதே நாற்றம் வந்தது. டாக்டர் அதை அப்போதுதான் கவனித்தார் போலும். விருத்தாசலத்தின் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் அந்த உருண்டைதானே சாப்பிடுறீங்க? உங்க ரெண்டு பேருக்கும் ஊசி போடணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். எப்ப வந்தது, எத்தன நாளா மருந்து, எல்லாம் எனக்குத் தெரியணும். உக்காருங்க, வாயத் தொறங்க."

காலையிலிருந்து ஓயாத வாய், தோளிலிருந்து இழுத்துப் பொத்திக்கொண்ட துண்டுக்குப் பின்னால் இறுக மூடிக்கொண்டது.

செண்பகம் நாற்காலியைவிட்டு இறங்கினாள். தினமும் அவன் சாப்பிட உட்காரும் மணையைத் துடைப்பதுபோலவே, முந்தானையால் நாற்காலியைத் துடைத்து வைத்தாள். பிறகு டாக்டரின் நோட்டுப் பக்கம் வந்து நின்றாள்.

"திருவெண்ணெய்நல்லூர்ல இவருக்கு ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்காங்க சார். அதுக்குப் பல்லு வரிசையா இருக்குதாம்." எச்சிலை விழுங்கிக்கொண்டாள். "நீங்க கேளுங்க. அவருக்காவும் நானே சொல்றேன்."