ஆம்ப்ரோஸுக்கு வாசித்த நன்றியுரை

ஆளை வெளியே தள்ளிவிட்டு மாலை போடுவதில் அந்த ஆபீஸை யாரும் மிஞ்ச முடியாது. பெங்களூர் கண்டோன்மெண்டிலிருந்து வந்துகொண்டிருந்த மருத்துவக் காலாண்டிதழின் ஆபீஸ் அது. அங்கே இருபத்திரண்டு வருஷம் புரூஃப் பார்த்த ஆம்ப்ரோஸுக்கு 1934 மார்ச்சில் பிரிவுபசாரம் வைத்தார்கள். நன்றியுரை எழுதி வாசிக்கிற வேலை உதவி ஆசிரியர் தேசிகன் தலையில் விழுந்தது. விழ வேண்டிய தலைதான்.

நடந்தது இது. டிசம்பர் இதழில் குழந்தைகளுக்கான மருந்து அளவுப் பட்டியல் ஒன்று வந்தது. கட்டுரை எழுதிய டாக்டர் குறித்திருந்தது ஒரு கிரெயின் எடை. அச்சில் வந்தது பத்து. கோலார் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் டாக்டர், இதழைப் பிரித்து வைத்துக்கொண்டு அப்படியே அளந்து கொடுத்தார். மூன்று வயதுப் பெண் குழந்தை, பொழுது சாய்வதற்குள் போய்விட்டது.

அச்சுக் கோப்பவர் கை தவறத்தான் செய்யும். அதைப் பிடிக்கத்தானே புரூஃப்? தேசிகன் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாகப் படிக்க, ஆம்ப்ரோஸ் புரூஃப் தாளில் வரி வரியாக விரலை ஓட்டிக்கொண்டு வருவார். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒத்துப்போகாத இடத்தில் பென்சில் இறங்கும். அன்றைக்குச் சாப்பாடு முடிந்து கண் சொருகும் நேரம். அந்த டாக்டரின் கையெழுத்தோ கோழி கிளறின மாதிரி. தேசிகன் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, புரூஃபின் இன்னொரு நகலை எடுத்து அதையே கடகடவென்று படித்து முடித்தார். புரூஃபைப் புரூஃபோடு ஒத்துப் பார்த்தால் எந்தத் தப்பு தெரியப்போகிறது? எதிரே உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோஸ் தலை நிமிரவே இல்லை. அந்தக் குரலை அவ்வளவு நம்பினார், பாவி மனுஷர்.

விசாரணையில், கடைசித் தாளில் ஆம்ப்ரோஸின் கையெழுத்து இருந்தது. வயசாகிவிட்டது, காது மந்தம் என்று கமிட்டி முடிவு கட்டியது. தேசிகன் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். கல்யாணத்துக்கு இரண்டு பெண்கள், மல்லேஸ்வரத்தில் இருக்கிற நல்ல பெயர் என்று எதையெதையோ நினைத்து வாயைக் கட்டிக்கொண்டார். ஆம்ப்ரோஸ் போகிற அன்றைக்கு அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வைராக்கியம் வேறு. மூன்று மாசமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை.

இந்த இதழ் ஆம்ப்ரோஸின் உழைப்புக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது என்று தேசிகன் வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். காபி குடித்தார்கள், கலைந்தார்கள்.

அறையில் இரண்டு பேர்தான் மிச்சம். மறுநாள் ரயிலில் அந்தக் குழந்தையின் ஊருக்குப் போகப்போவதாக ஆம்ப்ரோஸ் சொன்னார். பிரேசர் டவுன் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து பார்த்தாராம், மனசு ஆறவில்லையாம். பெற்றவள் முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் ஆறுமாம்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் சார். அன்னிக்கு நீங்க ஒண்ணுன்னு படிச்சீங்களா, பத்துன்னு படிச்சீங்களா? எனக்கு பத்துன்னு விழுந்த மாதிரிதான் இருக்குது. ஆனா இந்தக் காதை இப்ப நானே நம்புறதில்ல."

தெய்வம் ஒருவனுக்கு இதைவிட அகலமாகவா கதவைத் திறந்துவிடும்? சொல்லிவிடு, சொல்லிவிடு என்று தேசிகனுக்கு உள்ளே அடித்துக்கொண்டது. அடுத்த நொடி, அந்தத் தாயின் வாசலில் தானே நிற்பது போலத் தோன்றியது.

"ஒண்ணுன்னுதான் படிச்சேன்" என்றார்.

ஆம்ப்ரோஸ் தேசிகனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என் தப்புதான். அந்தம்மாகிட்ட சந்தேகமில்லாம சொல்லிடலாம். ரொம்ப தேங்க்ஸ் சார். இத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் எங்கிட்ட மறைக்காம சொன்னீங்க."