வியாழனா, திங்களா

கடன் முழுக்க என் முன்னாள் புருஷன் ருட்கர் வைத்தது. ஹார்லிங்கன் துறைமுகத்துக்குப் போகும் வழியில் சமையலறை அலமாரி விற்கும் கடை போட்டான். முட்டை பொரிக்கத் தெரியாத ஆட்களுக்கெல்லாம் பளிங்கு மேடை விற்கிறான் என்று அப்பா சொல்வார். கல்யாணத்தின்போது சொத்து, கடன் எல்லாம் இருவருக்கும் பொது என்று கையெழுத்துப் போட்டிருந்தோம். கடை மூழ்கியதும் அவன் போர்ச்சுகலுக்குப் போய்விட்டான். கடன் மட்டும் என்னோடு ஊரில் தங்கிவிட்டது.

நீதிமன்றம் எனக்கு ஒரு நிர்வாகியைப் போட்டது. ஸ்லோட் அம்மா என்று பெயர். மோசமான மனுஷி இல்லை. ஒன்றரை வருஷமாக என் தபாலை எனக்கு முன்னால் அவர்தான் பிரித்துப் படித்தார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் நான் வாங்கும் சம்பளம் அவர் கண்ணில் பட்டுத்தான் வரும். வாரச் செலவுக்கு அறுபது யூரோ என் கைக்கு, மிச்சம் கடன் கொடுத்தவர்களுக்கு. ஒழுங்காக நடந்துகொண்டால் மார்ச் பதினைந்து, சனிக்கிழமையோடு முடிந்தது. அடைபடாத கடன் எவ்வளவு இருந்தாலும் தள்ளுபடி. அந்தத் தேதிக்குள் எனக்கு எது வந்தாலும் கடன்காரர்களுக்குப் போகும். லாட்டரி விழுந்தாலும் சரி, யாராவது செத்து வீடு வந்தாலும் சரி. தேதி தாண்டி வந்தால் எனக்கு.

யாராவது என்றால் அப்பாதான். வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

அப்பா பெயர் டௌவே. தீவுக்குப் போகும் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். ஒரு காசு யாருக்கும் பாக்கி வைக்காமல் ஒரு சின்ன வீட்டை வாங்கி, அதன் கடனைத் தவணைக்கு முன்பே அடைத்தவர். போன வருஷக் கடைசியில் கணையத்தில் புற்று என்றார்கள். ஜனவரிக் கடைசியில் அவர் டாக்டரிடம் நேராகக் கேட்டார்: இந்த வலியோடு கடைசிவரை இழுத்துக்கொண்டு கிடக்க மாட்டேன், எனக்கு ஊசி போட்டு அனுப்பிவிடுவீர்களா என்று. எங்கள் நாட்டில் அது சட்டப்படியே கேட்கக்கூடிய கேள்விதான். இரண்டாவது டாக்டர் வந்து பேசினார், தாள்கள் எல்லாம் தயாராயின. இனி நாள் சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உன்னோட அந்தத் தேதி என்னிக்கு?"

"மார்ச் பதினஞ்சு."

"ஆறு வாரம்." கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "சரி, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடலாம். கந்துவட்டிக் கம்பெனிக்காரனுக்கெல்லாம் என் கூரை போகக்கூடாது."

"வேற யாரு பேருக்காவது எழுதி வெச்சிடலாமேப்பா?"

"யாரு பேருக்கு? அடுத்த வீட்டு நாய்க்கா?"

நான் அங்கேயே 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். பிஸ்கட் டப்பாவைத் திறந்து அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று எடுத்து வைத்துவிட்டு மூடினேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. மாடியில் ஒரு வாடகை அறை. வீட்டுக்காரி அதையும் விற்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். நகராட்சி வீட்டுக்குக் காத்திருக்கும் வரிசையில் எனக்கு முன்னால் பாதி ஊர் நிற்கிறது. அப்பா வீடு கிடைத்தால் நான் பிழைத்தேன். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அவருக்குத் தெரியும்.

அந்த ஆறு வாரத்தைப் பற்றி எனக்கு அழுகை வந்தது, ஆத்திரம் வந்தது என்றெல்லாம் சொன்னால் பொய். ஒன்றுமே வரவில்லை. ஒன்றரை வருஷமாக எதை வாங்கலாம், எதை வாங்கக்கூடாது என்று இன்னொருவர் சொல்லிச் சொல்லி, உள்ளே ஏதோ மரத்துப் போயிருந்தது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளினால் இருக்குமே, அப்படி. வேலை முடிந்து வருவேன், சூப்பைச் சுட வைப்பேன், அவர் இரண்டு கரண்டி குடிப்பார், மிச்சத்தை நான் குடிப்பேன். துணி மாற்றுவேன். தலையணை உறையில் பல் தடம் இருக்கும். சில நாள் கிழிந்தே இருக்கும். கழற்றி மடித்துத் துவைக்கப் போடுவேன். ஏன் என்று கேட்டதில்லை.

அவர் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டிருந்தோம். தெருவில் போகிறவர்கள் அவரைப் பார்க்கலாம், அவரும் பார்க்கலாம். தினமும் நான்கு மணி வாக்கில் ஹோட்சே சைக்கிளில் போவார். ஹோட்சே தச்சர். ருட்கருக்காக வீடு வீடாக அலமாரி பொருத்திக் கொடுத்தவர். ஒரு முழு வருஷத்துக் கூலி அவருக்கு நிற்கிறது. அதில் நூற்றுக்கு ஐந்தோ ஆறோதான் அவர் கைக்குப் போகும், மீதி மார்ச் பதினைந்தோடு போயே போச்சு. அப்பாவைப் பார்த்துக் கையைத் தூக்குவார். பக்கத்தில் நான் நின்றால் சாலையைப் பார்ப்பார்.

"வேன் வெச்சிருந்தான்," என்பார் அப்பா. "வித்துட்டான்."

"தெரியும்பா."

ஒரு நாள் கேட்டார். "வீடு உன் கைக்கு வந்துச்சுன்னா ஹோட்சேக்கு ஏதாவது குடுப்பியா?"

"பார்க்கலாம்," என்றேன்.

எங்கள் பக்கம் 'பார்க்கலாம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண், ஹுக்ஸ்மா என்று பெயர். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருவார், அது எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு அப்பாவே பேச்சை ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, போதும். நாள் பார்த்துடலாம்."

அவர் கைப்பேசியில் நாள்காட்டியைத் திறந்தார். எங்களவர்கள் எதற்கும் நாள்காட்டி பார்ப்பார்கள், இதற்கும் பார்க்கத்தான் வேண்டும். "வியாழக்கிழமை காலையில வரலாம். வெள்ளிக்கிழமை எனக்குப் பயிற்சி வகுப்பு. சனி ஞாயிறு வேற டாக்டர், உங்களைத் தெரியாதவர், அவர் கையில விட எனக்கு இஷ்டமில்ல. இல்லைன்னா திங்கக்கிழமை. உங்களுக்கு எது தோது?"

"நின்கேவைக் கேளுங்க," என்றார் அப்பா. "அவதானே லீவு போடணும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். திங்கள் என்று சொல்லடி என்கிற பார்வை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு. எந்த நாளா இருந்தாலும் அதுவரைக்கும் வலி மருந்தைக் கூட்டணும். நான் மூணு தடவை சொல்லிட்டேன், உங்கப்பா ஒத்துக்கவே மாட்டேங்கறார். அளவைக் கூட்டினா தூக்கத்துலயே போயிடுவேனோன்னு பயமா இருக்காம். சாகறதுக்கு நாள் கேக்கற மனுஷன் இதுக்கு ஏன் பயப்படறார்னு எனக்குப் புரியல. பாதி அளவுதான் எடுத்துக்கறார், தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

அப்பாவைப் பார்த்தேன். அவர் டாக்டரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். போர்வை ஓரத்தில் அவர் கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. மணிக்கட்டு எலும்பு வெளியே தள்ளியிருந்தது.

"வியாழன்," என்றேன்.

"திங்கள்னு சொல்ல வந்தா," என்றார் அப்பா. "இவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கிழமை குழம்பும்."

"வியாழன்பா."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் போய்க் காப்பி போடறேன்," என்று எழுந்தார். "பொடி எங்க இருக்குன்னு நானே கண்டுபிடிச்சுக்கறேன். நீங்க பேசிக்கங்க."

அவர் போனதும் அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ருட்கரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது.

"ஆறு வாரம்டி. ஆறு வாரம் நான் பட்டது எதுக்கு? இன்னும் நாலு நாள். உனக்குப் புத்தி இருக்கா?"

"மருந்தைப் பாதியாக்கிக்கிட்டீங்களாப்பா?"

"அது என் உடம்பு. நீ வீட்டைப் பாரு. வியாழன்னா வீடு போச்சு, புரியுதா?"

"போகட்டும்."

"எங்க போயித் தங்குவ? உன் முதியோர் இல்லத்துச் சூப்புப் பானைக்குள்ளயா?"

"ஏதாவது ஒரு இடம் கிடைக்கும்."

"உன் கடன்தான் சனிக்கிழமை எப்படியும் போகுதேடி. சும்மாவே போற கடனுக்கு எவளாவது வீட்டைக் குடுப்பாளா? நான் பெத்தது இவ்வளவு பெரிய முட்டாளா?"

மூச்சு வாங்கியது அவருக்கு. தண்ணீர்க் கோப்பையின் உறிஞ்சுகுழலை வாயில் வைத்தேன், தள்ளிவிட்டார். இந்த மனுஷனிடம் பாசம் என்று பேசினால் வேலைக்கு ஆகாது. உங்களுக்கு வலிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை என்றால், அப்போ பார்க்காதே என்பார். திங்கட்கிழமை என்று டாக்டரிடம் அவரே கத்திச் சொல்லியும் விடுவார். அதனால் அவருக்கு எங்கே வலிக்குமோ அங்கே கை வைத்தேன்.

"ஹோட்சேக்குக் கிடைக்கும்பா."

என் பக்கம் திரும்பினார்.

"வீட்டை வித்தா எல்லாருக்கும் அடைஞ்சிடும். அவருக்கும்."

"முழுசாவா?"

"முழுசா. வட்டியோட."

ஜன்னலைப் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஹோட்சேயைப் பற்றி அப்போது ஒரு கவலையும் இல்லை. வேன் வாங்கினால் வாங்கட்டும், வாங்காவிட்டால் போகட்டும். அப்பா அந்த மருந்தை முழுதாகப் போட்டுக்கொள்ள வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அந்த வீட்டில் பிறகு நான் எப்படிப் படுத்துத் தூங்குவேன் என்றும் ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன். முடியாது என்று தெரிந்தது.

"உனக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டார்.

"கொஞ்சம் மிஞ்சும். உங்களைப் புதைக்கறதுக்கு, வந்தவங்களுக்குக் காப்பிக்கு. ஒரு பழைய சைக்கிளுக்கும் வரலாம்."

"நல்ல சைக்கிளாப் பார்த்து வாங்கு," என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாமில்ல நீ," என்றார்.

"சொல்லியிருக்கணும்பா."

அவர் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து என் கைமேல் வைத்தார். சூடாக இருந்தது, ஈரமாகவும் இருந்தது. அழ வேண்டிய இடம் இது என்று எனக்குத் தெரிந்தது. வரவில்லை.

டாக்டர் மூன்று கோப்பைகளோடு வந்தார். அப்பா அவரை உட்காரக்கூட விடவில்லை.

"வியாழன் காலையில. மத்தியானம் வேண்டாம், உங்க நாள் பூரா வீணாயிடும். அந்த மருந்தை இப்பவே போடுங்க. முழுசா."

அன்றைக்கு மத்தியானம் அவர் தூங்கினார். வாய் திறந்து, தாடை தளர்ந்து, பழைய ஞாயிற்றுக்கிழமைகளில் சோபாவில் தூங்குவது மாதிரி. நான்கு மணிக்கு ஹோட்சே போனார், கையைத் தூக்கினார், அப்பா தூங்குவதைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். நான் எழுந்திருக்கவில்லை. உறை மாற்ற வேண்டியிருக்கவில்லை, வேறு வேலையும் இல்லை, உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் காலையில் முகம் மழித்துவிடச் சொன்னார். நல்ல சட்டை போட்டுக்கொண்டார். சர்க்கரை ரொட்டியில் வெண்ணெய் தடவி ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "வெண்ணெயை ஏன்டி இப்படி மிச்சம் பிடிக்கற? இனிமே என்ன?" என்றார். டாக்டர் எல்லாவற்றையும் ஒரு தடவை விளக்கிவிட்டு, நிச்சயமாக இதுதான் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றார். நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சீக்கிரம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு டாக்டர் போன் செய்ய வேண்டியவர்களுக்குச் செய்தார், அரசாங்க டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். எனக்கும் ஒரு போன் செய்ய வேண்டியிருந்தது. எது வந்தாலும் அன்றைக்கே நிர்வாகியிடம் சொல்ல வேண்டும், அது விதி. சமையலறைக்குப் போய் ஸ்லோட் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"எங்கப்பா இறந்துட்டார்."

"அடடா. எப்போ?"

"இன்னிக்குக் காலையில."

அந்தப் பக்கம் பேனாவை மேஜையில் வைக்கிற ஓசை கேட்டது.

"நின்கே," என்றார் மெதுவாக, "நாளன்னிக்கு..."

"தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும். வீடு இருக்கு, அதுமேல கடன் எதுவும் இல்ல. சாவி எங்கிட்ட இருக்கு, என்னிக்குக் கொண்டு வந்து தரணும்னு சொல்லுங்க."

அவர் ஒரு நாள் சொன்னார். பிறகு, அப்பாவுக்காக மனசார வருந்துகிறேன் என்றார். இந்த நேரத்தில் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன் என்றார். இத்தனை வருஷத்தில் தன்னிடம் வந்தவர்களில் எல்லோருக்கும் கடைசிக் காசுவரை அடைத்துவிட்டுப் போனவர்கள் ரொம்பக் குறைவு, இனி நீங்கள் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை, வாழ்த்துகள் என்றார்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடவை நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.