முந்நூறு ஜோடி

எங்கள் செருப்புக் கடையில் கொள்முதல் என்பது என் வீட்டுக்காரரின் கண் பார்க்கிற வேலை. பள்ளி திறக்கும் மாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடை நடுவில் இடுப்பில் கை வைத்து நிற்பார். தட்டுகளை ஒரு சுற்று பார்ப்பார். "முந்நூறு ஜோடி போடு" என்பார். போன வருஷமும் முந்நூறு, அதற்கு முந்தின வருஷமும் முந்நூறு. ஏன் என்று கேட்டால் ராசியாம்.

அந்த ராசியின் லட்சணம் கல்லாவில் உட்காருகிற எனக்குத்தான் தெரியும். பள்ளி திறக்கிற வாரம் கறுப்பு ஷூ தீர்ந்துவிடும். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற அம்மாக்களிடம் "சைஸ் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கும். அவர்கள் நேரே எதிர்க்கடைக்குள் நுழைவதையும் நானே பார்க்க வேண்டும். இவரோ, "ஏஜென்ட் எண்ணிக்கையில கை வச்சிட்டான்" என்று சரக்கு போட்டவரைத் திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போய்விடுவார்.

இந்த வருஷம் என்னால் பொறுக்க முடியவில்லை. கொள்முதலை நான் பார்க்கிறேன் என்றேன்.

"பேப்பர்ல கணக்குப் போட்டா வியாபாரம் வந்துடுமா?"

"போடாமலா எதிர்க்கடைக்காரர் மாடி கட்டினாரு?"

கொஞ்சம் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். "சரி, ஒரே ஒரு தடவை. தப்பாச்சுன்னா அப்புறம் சரக்கைப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது" என்றார். சம்மதித்துவிட்டேன். வாய் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரியாதா என்ன.

கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. போன வருஷம் விற்றதோடு, இல்லை என்று திருப்பி அனுப்பியதையும் சேர்த்தால் நானூற்றைம்பது ஜோடி விற்கும். தாமதமாக வருகிறவர்களுக்கும், முதல் வாரமே ஷூவைக் கிழிக்கிற வீரர்களுக்குமாக மாதக் கடைசியில் ஐம்பது ஜோடி கையில் இருக்க வேண்டும். ஆக ஐந்நூறு. அதில் இப்போது தட்டில் இருப்பதைக் கழித்தால் வாங்க வேண்டியது வந்துவிடும். விடுமுறை அன்று கீழே நின்று கறுப்பு ஷூ பெட்டிகளை எண்ணினேன். முந்நூற்றிருபது இருந்தது. வாங்க வேண்டியது நூற்றெண்பதுதான். இந்த மனிதர் இத்தனை வருஷம் அநியாயத்துக்கு வாங்கிக் குவித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் ஷூ ஏன் தீர்ந்து போகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஜெயித்த மிதப்பில் யோசிக்கவில்லை.

ஏஜென்ட் வந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நூத்தியெண்பது" என்றேன்.

"என்ன அண்ணி, இவ்வளவு குறைச்சிட்டீங்க?"

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்துச் சிரித்தார். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா மகளோடு உள்ளே வந்து, மூன்றாம் நம்பர் கறுப்பு ஷூ கேட்டார். இவர் ஏணியில் ஏறினார். ஒரு பெட்டியைத் தொட்டார், விட்டுவிட்டார். அடுத்ததைத் தொட்டார், அதையும் விட்டார். நான்காவதைத்தான் கீழே கொண்டுவந்தார்.

அவர்கள் வாங்கிக்கொண்டு போனதும் நான் புடவையைச் சொருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். முதல் பெட்டியைத் தூக்கினேன். வெறும் காற்று. அடுத்ததும் காற்றுதான்.

"ஏங்க, இதெல்லாம் என்ன?"

"பெட்டி வேண்டாம், பையில போட்டுக் குடுங்கன்னு நிறைய பேர் சொல்றாங்க. தட்டு பொக்கை வாயா இருந்தா நல்லாவா இருக்கு? அதான் காலிப் பெட்டியைத் திரும்ப அங்கேயே வச்சிடுவேன்."

"நான் எண்ணும்போது சொல்லக் கூடாதா?"

"நீ ஷூவைத்தான் எண்றேன்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில்தான். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒவ்வொரு பெட்டியாகக் குலுக்கினேன். சத்தம் வராததைக் கீழே போட்டேன். அவர் பிடித்து அடுக்கினார். ஏஜென்டும் பேனாவைச் சட்டைப் பையில் செருகிவிட்டு வந்து பிடித்தார். கடைசியில் தரையில் இருநூறு பெட்டி கிடந்தது. தட்டில் ஷூவோடு இருந்தது நூற்றிருபது.

"தப்பாச்சு" என்று நானே சொன்னேன். "வாங்க வேண்டியது முந்நூத்தியெண்பது."

அவர் தரையில் கிடந்த பெட்டி மலையைப் பார்த்தார். அப்புறம் பொக்கை வாயாகிவிட்ட தட்டைப் பார்த்தார். வருஷா வருஷம் இடுப்பில் கை வைத்து அவர் அளந்ததும் இதே பெட்டிகளைத்தான். அது அவருக்கு உறைப்பதை முகத்திலேயே பார்த்தேன்.

"அப்ப, முந்நூறு போட்டா பத்தாது" என்று மெதுவாகச் சொன்னார்.

"பத்தாதுங்க. அதான் தீர்ந்து போகுது."

ஏஜென்ட் கனைத்தார். "அப்ப நான் எண்ணிக்கையில கை வைக்கலை அண்ணே?"

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம் தலையில் விழுந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மேல் வரிசையில மட்டும் காலிப் பெட்டி இருக்கட்டுமா, பார்வைக்கு?" என்று கேட்டார்.

"இருக்கட்டும். மூடியைத் தலைகீழா வைங்க, எண்றப்ப தெரியும்."

ஏஜென்ட் மறுபடி பேனாவைத் திறந்து, பழக்கதோஷத்தில் அவர் பக்கமே திரும்பினார். "எத்தனை போடட்டும் அண்ணே?"

பந்தயத்தில் நான் தோற்றவள். வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் ஒரு காலிப் பெட்டியை எடுத்து, மூடியைத் தலைகீழாக வைத்து அழுத்தினார்.

"என்னை ஏன் கேக்குற?" என்றார். "சரக்கு எடுக்கிறது அவதான்."