சின்ன மிஸ்ஸின் மைனஸ்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மறைத்தாலும் இரண்டாவது பத்தியில் கண்டுபிடித்துவிடுவீர்கள். நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை விடாமல் பெய்த ஒரு மாலையில், டியூஷன் சென்டரின்..." (மழையே இல்லை. அடித்துவிட்டேன்.) அடுத்து: "என் தங்கை என்னைவிட அழகாக..." (உண்மைதான். ஆனால் கணக்குக்குத் தேவையில்லை.)

2

நானும் தங்கையும் ஒரே டியூஷன் சென்டரில் கணக்கு ஆசிரியைகள். பிள்ளைகளுக்கு நான் பெரிய மிஸ், அவள் சின்ன மிஸ். இரண்டு வகுப்புக்கும் நடுவில் பிளைவுட் தடுப்பு. வருடக்கணக்காக நான் தனியாக நடத்திய தொகையிடலை, இந்த ஆண்டு பாதிப் பிள்ளைகளோடு அவளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வரும். தொகையிடலில் சிரிக்க என்ன இருக்கிறது?

3

தேர்வில் ஒரு கேள்வி: சைன் x காஸ் x-ஐத் தொகையிடுக. என் பிள்ளைகள் சைன் x-ஐ u என்று பிரதியிட்டார்கள். காஸ் x dx அப்படியே du ஆகிவிடும். விடை, சைன் ஸ்கொயரில் பாதி. அவள் பிள்ளைகள் காஸ் x-ஐ u என்று வைத்தார்கள். விடை, காஸ் ஸ்கொயரில் பாதி, முன்னால் ஒரு மைனஸ்.

நிர்வாகி விடைத்தாள்களோடு என்னிடம் வந்தார். "ஒரே கேள்விக்கு ரெண்டு விடையா? சின்ன மிஸ் தப்பா நடத்திட்டாங்களா? அப்படின்னா சொல்லுங்க, எல்லாரையும் உங்ககிட்டயே மாத்திடறேன்."

(அடுத்த வரியில் 'உடனே சொன்னேன்' என்று எழுதியிருந்தேன். பொய். எடுத்துவிட்டேன்.)

"ரெண்டும் சரி சார். சைன் ஸ்கொயரும் காஸ் ஸ்கொயரும் சேர்ந்தா ஒண்ணு. அதனால இந்த ரெண்டு விடைக்கும் நடுவுல வெறும் அரைதான் வித்தியாசம். கடைசியில போடற மாறிலி C அத முழுங்கிடும்."

அவர் போனதும் திரும்பினேன். வாசலில் தங்கை.

"இதச் சொல்ல இவ்வளவு நேரமாக்கா?"

பேச்சை மாற்றினேன். "நீ ஏன் காஸ எடுத்தே? சைன எடுத்திருந்தா மைனஸ் தொல்லையே இல்லையே."

"நீ சைன்தான் எடுப்பேன்னு தெரியும்." பையின் ஜிப்பை இழுத்தாள். "ஸ்கூல்ல படிக்கறப்ப எந்த மிஸ்ஸும் என் பேப்பர என் பேப்பரா பாக்கல. 'அக்கா மாதிரியே எழுதியிருக்கே'ம்பாங்க. சரியாவும் இருக்கணும், உன்னோடது மாதிரியும் இருக்கக் கூடாது. அப்படி ஒண்ணு கெடைக்கறது எவ்ளோ கஷ்டம் தெரியுமா?"

4

முடிவு ஒன்று: அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டாள். (எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை.)

முடிவு இரண்டு: அக்கா வேலையை விட்டு... (விடமாட்டேன்.)

நடந்தது இதுதான்: எத்தனை முறை எழுதியும் எனக்குப் பிடிபடாத பொறாமையை, அவள் பையை மூடுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டாள். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

"என்னக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறே?" என்று நிற்கிறாள். எழுதிப் பார்த்த எல்லாப் பதிலிலும் நான் அக்காவாகவே பேசுகிறேன். அவளுக்கு அது வேண்டாம். அக்காவாக இல்லாமல் அவளிடம் பேச உங்களுக்குத் தெரிந்திருந்தால், நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம், செருப்பை மாட்டுகிறாள்.