சித்தி செருகிய வரிகள்

பழைய தேவதைக் கதைகளை வயசுப் பிள்ளைகளுக்காகப் புதிதாக மாற்றி எழுதுகிற நாவல்களுக்குப் பதிப்பகத்தில் பக்கம் அமைப்பது சித்தியின் வேலை. அந்தக் கதைகளில் இப்போதெல்லாம் எல்லாருக்கும் நியாயம் கிடைத்துவிட்டது. ஓநாய்க்குக்கூட ஒரு கண்ணீர்க் கதை, சூனியக்காரிக்கு ஒரு பழைய காதல். மாற்றாந்தாய் மட்டும் என்ன பாவம் செய்தாளோ, யார் எழுதினாலும் ராட்சசியாகவே வந்து நிற்கிறாள்.

வீட்டிலிருக்கும் பெண்ணுக்கோ அந்த நாவல்கள்தான் உயிர். கணவரின் மூத்த தாரத்து மகள். அப்பா இறந்ததிலிருந்து அவள் சித்தியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்து அவளைத் தன் வீட்டோடு அழைத்துப்போவதாக ஏற்பாடு. அவளும் போய்விட்டால் அப்புறம் யார் இருக்கிறார்கள்?

புதுப் புத்தகம் அச்சுக்குப் போகிற அன்று, புத்தி பேதலித்துப்போய் அந்தக் காரியத்தைச் செய்தாள். முன்பொரு முறை பெண் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி போட்டவள் சித்தி. அதை யாரிடமும் சொன்னதில்லை. கதையின் நடுவே மாற்றாந்தாய் செய்ததாக அதை அப்படியே செருகிவிட்டாள். எழுத்தாளரோ ஒரு கமா மாறினாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற ஆள். வேலை போனால் போகட்டும், பெண் இருந்தால் சரி.

ஞாயிறு காலை. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுப் பெண், சித்தி முந்தின நாள் அச்சகத்திலிருந்து வாங்கி வந்திருந்த அந்தப் புத்தகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். சித்திக்குக் கை வேலையில் ஓடவில்லை.

"லூசு," என்றாள் பெண்.

"யாரு?"

"இதுல வர்ற மாற்றாந்தாய்தான். ராத்திரி பூரா பக்கத்துல உக்காந்திருக்கா, விடிஞ்சதும் வாயத் தொறக்காம எழுந்து போயிடுறா. மயங்கிக் கெடந்தவளுக்கு எப்படித் தெரியும்? பிரியம் இருந்தா சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

வெளியே பெரியம்மாவின் கார் ஹாரன் அடித்தது. பெண் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தாள்.

"போகாதம்மா," என்றாள் சித்தி, எப்படியோ. "நீ இல்லாம என்னால முடியாது."

பெண் அவளையே பார்த்தாள்.

"அப்பா போன அன்னிக்கே இத ஒரு தடவ சொல்லியிருக்கலாம் சித்தி. நான் பெரியம்மாவுக்குப் போனே பண்ணியிருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். சித்தி ஓடிப்போய் அதன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். ஹாரன் மறுபடி அடித்தது. அவள் விடவில்லை.