அரை மீசை

டப்பாவின் மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டது தவளை மாமாவின் தப்புதான். அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரவேண்டும். வரவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார். காலையில் பார்த்தவர் அக்காவின் கணவர், அத்தான். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ரேசரால் மீசையின் ஓரத்தை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தவருடைய பிம்பத்தில், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில், பச்சையாக ஏதோ பொத்தென்று வந்து ஒட்டிக்கொண்டது. கை தன்பாட்டுக்கு ஒரு இழுப்பு இழுத்தது. எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது தவளையைக் காணோம். மீசையின் இடது பாதியையும் காணோம்.

சாதாரண மீசையில்லை அது. அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர். வாயால் சொல்வது பாதி, மீசையால் சொல்வது மீதி. அது லேசாக மேலே ஏறினால் போதும், பக்கத்து சீட்டில் இருப்பவர் தானாகவே பிரேக்கை மிதித்துவிடுவார். தவளை மாமாவே கூட அந்த வீட்டில் எதையும் கேட்பதற்கு முன் மீசை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டுதான் வாயைத் திறப்பார்.

அவர் அக்கா வீட்டுக்கு வந்தது தற்காலிகமாகத்தான். மிருகக்காட்சிசாலையில் வேலை கிடைத்த புதிதில், “வேற எடம் பாக்கற வரைக்கும்” என்று ஒரு பெட்டியோடு வந்தார். அன்றைக்கு எல்.கே.ஜி. பையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்ற அக்கா மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். ஊர்வனக் கூடத்தில் பாம்பு, பல்லி, தவளைகளுக்குத் தீனி போட்டுக் கண்ணாடி துடைக்கும் மாமாவுக்கு ‘தவளை மாமா’ என்று பெயர் வைத்தவளும் அவள்தான். கூடத்துக்கு இப்போது பெயின்ட் அடிக்கிறார்கள். தோலாலேயே தண்ணீர் குடித்து, தோலாலும் மூச்சு விடும் பிராணிக்கு அந்த வாடை ஆகாது. மேலதிகாரி சொன்னதால் ஒரே ஒரு மரத்தவளையை மட்டும் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

இதெல்லாம் வேறொரு நாளில் நடந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அன்று பார்த்து ஒரு விஷயத்துக்கு முடிவு சொல்ல வேண்டியிருந்தது. காட்சிசாலைக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்று காலியாகிறது. காலையிலேயே அந்த அறையின் வீட்டுக்காரர் போன் பண்ணுவார், வேண்டுமா வேண்டாமா சொல்லிவிட வேண்டும். ஒரு வாரமாக மாமாவும் சுற்றிச் சுற்றிக் கேட்டுப் பார்க்கிறார். “அக்கா, அந்த ரூமுக்குப் போயிடட்டுமா?” என்றால் அக்கா, “அந்தச் சட்டையக் கழட்டிப் போடு, நாறுது” என்பாள். அக்கா மகளோ, “போனா உன் ரூம் எனக்கா மாமா?” என்று கண்ணை உருட்டினாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனாலும் அவள் வீட்டுக் கூடத்து மூலையில் மடக்கு மேசை போட்டுப் படிப்பதை அதற்கப்புறம் பார்க்கும்போதெல்லாம் இவர் கண் தன் அறைக் கதவுப் பக்கம் போனது. அத்தானிடம் கேட்டதற்குக் கிடைத்த பதில்: “வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடியப் பாரு மாப்ள.” அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு ராத்திரி பூராவும் யோசித்தார்.

இப்போது கண்ணாடியும் ஆயிற்று, மீசையும் ஆயிற்று. இதற்கு மேலும் இங்கே இருந்தால் மரியாதையில்லை என்று நினைத்துக்கொண்டே மாமா குளியலறைத் தரையில் குப்புறப் படுத்து, வாஷிங் மெஷினுக்கு அடியில் டார்ச் அடித்தார். அத்தான் அறைக் கதவைச் சாத்தியவர் சாத்தியவர்தான்.

“அது எப்படி மாமா வழவழன்னு இருக்கற கண்ணாடில நிக்குது? பசையா?” அக்கா மகளும் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

“பசையெல்லாம் இல்ல. விரல் நுனியில டைல்ஸ் பதிச்ச மாதிரி குட்டிக் குட்டிக் கட்டம். நடுவுல வாய்க்கால். அதுல ஈரம் ஓடும். அந்த ஈரந்தான் புடிச்சுக்குது.”

“பல்லிக்கும் அதேவா?”

“பல்லிக்குக் காஞ்ச காலு. கண்ணுக்கே தெரியாத முடி லட்சக்கணக்குல…”

“ஐயோ மாமா, இன்னிக்கு இந்த வீட்ல முடியப் பத்திப் பேசாத!”

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அந்தக் குலுங்கலில்தான் டார்ச் வெளிச்சம் நகர்ந்து மெஷினின் குழாய்க்குப் பின்னால் விழுந்தது. தூசியும் நூலும் சுற்றி, பழைய பஞ்சுத் தலையணை போல உட்கார்ந்திருந்தது தவளை.

மாமா கையை நனைத்து அதை எடுத்து, நூலைப் பிரித்து, குளியலறைக் கண்ணாடியில் மெல்ல வைத்தார். அது வழுக்கியது. காலை எடுத்து வைத்தது, மறுபடி வழுக்கியது.

“பசை தீந்துபோச்சா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

குரல் அத்தானுடையது, முகம் யாருடையதோ. மிச்ச மீசையையும் எடுத்திருந்தார். மேலுதடு வெளுத்து, பிறந்த குழந்தையின் பாதம் போலிருந்தது. பின்னாலேயே வந்த அக்கா ஒரு கணம் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “கல்யாணத்துக்கு மொத நாள் பாத்த மூஞ்சி” என்றாள். மகளை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

“இல்ல அத்தான்,” என்றார் மாமா, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தவளையையே பார்த்துக்கொண்டு. பார்த்துப் பழகிய மீசை இல்லாமல் அவருக்குப் பேச்சு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றே பிடிபடவில்லை. “கால்ல தூசி. எடுத்து எடுத்து வச்சுதுன்னா தூசி அதுவாவே போயிடும். அப்பறம் புடிச்சுக்கும்.”

அத்தான் குளியல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். தவளை ஒரு காலைப் பின்பக்கத்திலிருந்து, ஒட்டிய காகிதத்தை உரிப்பதுபோல உரித்து எடுத்தது. வைத்தது. வழுக்கியது. அத்தான் தன் மாணவர்களிடம் ஒருநாளும் காட்டாத பொறுமையோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“விடாது போலருக்கே.”

“வேற எங்க போகும்?” என்றார் மாமா. சொன்ன பிறகு அது தவளையைப் பற்றிய பேச்சாக மட்டும் அவருக்கே படவில்லை. விரல் நகத்தைச் சுரண்டினார். “அத்தான், மீசைக்கு மன்னிச்சுக்கோங்க. நான் அந்த ரூமுக்குப் போயிடட்டுமா? நான் இங்க இருக்கறது உங்களுக்குப் பாரமா இருக்கா, இல்லையா? கிளட்ச்சு கியர்லாம் வேணாம். நேரா சொல்லுங்க.”

அத்தான் கை மீசையை முறுக்கப் போய், ஒன்றும் அகப்படாமல் கன்னத்தில் நின்றது.

“நீ போகணும்னு ஆசப்படறியோன்னு நெனச்சேன். அதான் குறுக்க நிக்கல,” என்றார். “பாரமில்ல. நீ போக வேணாம். எனக்குப் புடிக்காது.”

கூடத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. வாளியிலிருந்தோ முக்காலியிலிருந்தோ யாரும் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியில் தவளை, கடைசியாக வழுக்கிக்கொண்டிருந்த பின்னங்காலையும் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து வைத்தது.